அண்ணன் உலகம் சுற்றப் போனபோது வீட்டில் நடந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளராக இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த வேலையில் எழுதிக் குவித்தவை நிகழ்வு ஆய்வுகள்தாம்: பின்னணி, குடும்ப அமைப்பு, வருமானம், பராமரிப்பவர் யார், இடர் என்ன, அடுத்து என்ன செய்வது. சொந்தக் குடும்பத்தின் கோப்பைக் கையில் எடுக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. அதை மீறித்தான் இதை எழுதுகிறேன். கோயிலில், கல்யாண வீட்டில், தேக்கா சந்தையில் மீன் வாங்கும் வரிசையில் என்று எங்கே பார்த்தாலும் என்னிடம் ஒரே வாசகத்தைச் சொல்கிறார்கள்: “உங்கள் அண்ணனுக்கு என்ன துணிச்சல்!” துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம் துணிச்சலில் ஓடவில்லை. எதில் ஓடியது என்பதற்கு என்னிடம் கோப்பு இருக்கிறது.

பின்னணி

2024 ஆகஸ்டில் புறப்பட்டபோது அண்ணனுக்கு 49 வயது. கட்டட நிர்வாகத்தில் மேலாளர். அண்ணிக்கு 46, பாலர் பள்ளி ஆசிரியை. ஒரே மகள் பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள். ஈசூனில் ஐந்தறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கடன் அடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா 2009இல் இறந்தபிறகு அம்மா அந்த வீட்டில்தான் இருந்தார். அம்மாவுக்கு 77 வயது, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வலது முழங்காலில் தேய்மானம்.

உலகம் சுற்றுகிற ஆசை எல்லோருக்கும் எங்கிருந்தோ வருகிறது. அண்ணனுக்கு அது தண்டவாளத்திலிருந்து வந்தது. அப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். மலாயா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். நாங்கள் வளர்ந்தது ஸ்பூனர் சாலை ரயில்வே குடியிருப்பில். ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் கும்பிட்டுவந்த முனீஸ்வரன் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கிறார். அப்பாவுக்குக் கடைசிவரை அவர் “லைன் சாமி”தான்.

2011 ஜூன் 30 அன்று இரவு, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். அண்ணன் எட்டு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். மறுநாளிலிருந்து ரயில் மலேசிய எல்லையோரம் உள்ள உட்லண்ட்ஸோடு நின்றது. நகருக்குள் இருந்த பாதை இன்று 24 கிலோமீட்டர் நடைபாதை. அன்று இரவு எனக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்தி: “உட்லண்ட்ஸில் ஏறினால் எதுவரை போகலாம்?”

அந்தக் கேள்விக்கு வெளியுலகம் தவணை முறையில் பதில் சொன்னது. 2021 டிசம்பரில் லாவோசின் வியந்தியானிலிருந்து சீன எல்லைவரை புதிய ரயில் பாதை திறந்தது. போர்ச்சுகலின் லாகோஸிலிருந்து சிங்கப்பூர்வரை ரயிலிலேயே வரலாம் என்று ஒரு வரைபடம் இணையத்தில் பரவியது அதற்குப் பிறகுதான். அண்ணன் அதை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார். 2023 ஏப்ரலில் வியந்தியானிலிருந்து குன்மிங்வரை எல்லை கடந்து பயணிகள் போகத் தொடங்கினார்கள். 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூரர்கள் சீனாவில் 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம் என்றானது. 2024 ஜூலையில் பேங்காக்–வியந்தியான் நேரடி ரயில் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் தமக்கென்றே வந்த அழைப்பு போல அண்ணன் நடந்துகொண்டார்.

முடிவும் எதிர்ப்பும்

அலுவலகத்தில் ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு கேட்டார். கிடைக்கவில்லை. 2024 ஜூன் முடிய வேலையை விட்டார். அண்ணிக்கு அவருடைய பள்ளியில் ஓராண்டு விடுப்பு கிடைத்தது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அண்ணன் வேலையை உதறியதைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அண்ணியின் கையில் திரும்பி வருவதற்கான கடிதம் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை காத்திருந்தது. அது இல்லாவிட்டால் இவர்கள் கிளம்பியிருப்பார்களா என்று அண்ணியிடம் கேட்டேன். “உன் அண்ணன் கிளம்பியிருப்பார், நான் கிளம்பியிருக்க மாட்டேன்” என்றார்.

மாமா ஒருவர் வீட்டுக்கு வந்து ஔவையாரைத் துணைக்கு அழைத்தார். “திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றுதான் பாட்டி சொன்னாள். தேடிய திரவியத்தைத் திரைகடலில் கரைக்கச் சொல்லவில்லை.” அம்மா எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. அவருடைய வருத்தம் வேறு. “உலகமெல்லாம் போகிறவன் மன்னார்குடிப் பக்கம் போகிற திட்டமே இல்லையா?” என்று கேட்டார். அப்பாவின் ஊர் அங்கேதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனையோ நாடுகளில் விசா கேட்காத சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு, அப்பா பிறந்த ஊருக்குப் போக விசா வேண்டும்.

அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அண்ணன் கேட்டார், நான் “சரி” என்றேன். அவ்வளவுதான். இதே கேள்வியை வேறு குடும்பத்திடம் கேட்கும்போது நான் மூன்று சந்திப்புகள் வைப்பேன். பராமரிப்பவரின் வேலை, உடல்நலம், வீட்டில் இருக்கும் இடம், மாற்று ஏற்பாடு எல்லாம் எழுதி வாங்குவேன். என் வீடு அங் மோ கியோவில் நான்கறை வீடு. கணவர், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன், நான். மகனின் அறை அம்மாவுக்குப் போனது. மகனின் மேசை கூடத்துக்கு வந்தது. அவன் மறு ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவன் என்பதை அன்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான் உட்பட.

காகிதங்கள்

நிலையான வாழ்க்கையை விட்டுப் போவது என்றால் சிங்கப்பூரில் அதில் பாதி படிவம். இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன். என்னிடம் வந்து கேட்கிறவர்கள் மலையையும் பாலைவனத்தையும் கேட்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இது.

முதலில் வீடு. முழு வீட்டையும் வாடகைக்கு விட வேண்டுமானால் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடிந்திருக்க வேண்டும். உரிமையாளர் குடிமகனாக இருக்க வேண்டும், நிரந்தரவாசிக்கு அந்த உரிமை இல்லை. வீவக ஒப்புதல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. “ஒரு அறையில் சாமானைப் போட்டுப் பூட்டிவிட்டு மற்ற அறைகளை மட்டும் விடு, எவன் பார்க்கப் போகிறான்” என்று யோசனை சொன்னவர் அதே ஔவையார் மாமாதான். உரிமையாளர் அங்கே குடியிருக்காமல் அப்படிச் செய்வது விதிமீறல். வீட்டையே இழக்கும் நிலைகூட வரலாம். அண்ணன் மறுத்துவிட்டார்.

வாடகைக்கு வந்தவர்கள் மலேசியத் தம்பதி. ஒரு வட்டாரத்திலும் ஒரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) எத்தனை வீடுகளை வெளிநாட்டவருக்கு விடலாம் என்ற வரம்பு மலேசியருக்கு இல்லை என்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை. மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அவர்கள் இரண்டாண்டு ஒப்பந்தம் கேட்டார்கள், அண்ணன் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தில் வழக்கமான டிப்ளமேட்டிக் கிளாஸ் இருந்தது. வேலை மாற்றலானால் ஓராண்டுக்குப் பிறகு வாடகைதாரர் வெளியேறலாம் என்கிற பிரிவு அது. வீட்டுக்காரர் முன்னதாகத் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் படித்துப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் என்னுடைய தவறு இது.

அடுத்தது வரி. இங்கே சென்ற ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி கட்டுகிறோம். சம்பளம் வருகிறவரை இது உறைக்காது. அண்ணனுக்கு 2023ஆம் ஆண்டுச் சம்பளத்தின் வரி வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் 12 கைரோ தவணைகளாக 2025 ஏப்ரல்வரை போய்க்கொண்டே இருந்தது. சமர்கண்டில் நின்றுகொண்டு ஈசூன் சம்பளத்துக்கு வரி கட்டினார். சொத்து வரி இன்னொரு அதிர்ச்சி. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2024இல் ஆண்டு மதிப்பின் (ஓராண்டுக்கு வரக்கூடிய வாடகை என்று அரசு மதிப்பிடும் தொகையின்) முதல் 8,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த பகுதிக்கு 4 விழுக்காடு. வாடகைக்கு விட்ட அன்றே அந்தச் சலுகை போய்விடுகிறது. முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு. வாடகை வருமானத்துக்கும் வருமான வரி உண்டு. செலவுக்கென்று 15 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். கடன் முடிந்த வீடு என்பதால் வட்டி என்று கழிக்க எதுவும் இல்லை. கடன் இல்லாததற்காக அண்ணன் வருத்தப்பட்ட ஒரே தருணம் அதுதான்.

காப்பீட்டில் பெரிய ஓட்டை இருந்தது. வழக்கமான ஆண்டு முழுதுக்குமான பயணக் காப்பீட்டை வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தார். சிறிய எழுத்தை நான் படித்தேன்: ஒரு பயணம் 90 நாளைத் தாண்டக்கூடாது, சிங்கப்பூரில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிய வேண்டும். பதினொரு மாதப் பயணத்தில் 91ஆம் நாளிலிருந்து இரண்டு பேரும் வெறுங்கையோடு நின்றிருப்பார்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீடு தொடரும்தான், அதன் சந்தாவும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். ஆனால் வெளிநாட்டு மருத்துவமனைக் கட்டணத்துக்கு அது துணைவராது. கடைசியில் நீண்டகாலப் பயணிகளுக்கான வேறு காப்பீடு வாங்கினார். இருவருக்கும் சேர்த்து 4,800 வெள்ளி. அந்தத் தொகையைக் கேட்டு அம்மா, “இந்தக் காசில் ஒரு மாதம் சுற்றலாமே” என்றார். உண்மை.

என் பெயரில் ஓர் அதிகாரப் பத்திரமும் எழுதினோம். இங்கே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எல்பிஏ என்று நாம் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரம், எழுதியவர் மனத்திறன் இழந்தால் மட்டும் உயிர்பெறும். ஊரில் இல்லாதவருக்காகக் கையெழுத்துப் போட அது உதவாது. அதற்கு வழக்கறிஞரிடம் சாதாரண அதிகாரப் பத்திரம் தனியாக எழுத வேண்டும். அண்ணன் இரண்டையும் செய்தார். தேசிய சேவைக் (கட்டாயப் படைச் சேவை) கடமை 40 வயதோடு முடிந்துவிட்டதால் அந்தப் பக்கம் வேலை இல்லை. அதிகாரியாக இருந்திருந்தால் 50வரை இழுத்திருக்கும்.

பாஸ்போர்ட் இரண்டையும் புதுப்பித்தார்கள். 2021 அக்டோபர் 1க்குப் பிறகு விண்ணப்பித்தவை பத்தாண்டு செல்லும், அதற்கு முந்தியவை ஐந்தாண்டுதான். பல நாடுகளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள்.

பயணம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். படங்கள் எல்லோரும் பார்த்தவை.

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. தேசிய தினக் கொடிகள் புளோக் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்த வாரம். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் ஜோகூர் பாரு. பதினொரு மாதப் பயணத்தின் முதல் கட்டம் என் வீட்டு மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிந்தது. பிறகு கிமாஸில் மாறி, பாடாங் பெசார், பேங்காக், வியந்தியான். அங்கே ஒரு நிலையத்தில் இறங்கி வேறொரு நிலையத்துக்குப் போய், குன்மிங்குக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம். பிறகு சியான், உரும்சி, அல்மாட்டி, தாஷ்கண்ட், சமர்கண்ட். வரைபடத்தில் இருந்த மாஸ்கோ வழி நடைமுறையில் அடைபட்டிருந்ததால் தாஷ்கண்டிலிருந்து இஸ்தான்புல்லுக்கு விமானம். அண்ணன் அதை இன்றும் தோல்வியாகவே பேசுகிறார்.

அப்பாவின் இரும்பு அளவுநாடா ஒன்று அவருடைய பையில் இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் வாய்ப்புக் கிடைத்த இடத்தில் தண்டவாளத்தின் உள் அகலத்தை அளந்து எனக்கு அனுப்பினார். மலேசியாவிலும் தாய்லாந்திலும் மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். லாவோசின் புதுப் பாதையும் சீனாவும் 1,435. கஸக்ஸ்தானில் 1,520. வேறு யாராவது செய்திருந்தால் இதை நோய்க்குறி என்று பதிவு செய்திருப்பேன். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அவர் மட்டும் ஒவ்வொரு எண்ணையும் கவனமாகக் கேட்டார். “ஆயிரத்துக்குத்தான் உங்கப்பா முதுகை வளைத்தார்” என்றார்.

டிசம்பரில் இஸ்தான்புல் டிராமில் அண்ணனின் கைப்பேசி திருடுபோனது. வங்கி, அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் அடையாளம் எல்லாம் அதற்குள். புதிய கைப்பேசியில் வங்கிப் பரிமாற்றங்களை உறுதிப்படுத்தும் டிஜிட்டல் டோக்கன் இயங்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மோசடிகளைத் தடுக்க வந்த விதி. அந்த 12 மணி நேரம் தொடங்குவதற்கே அவருடைய சிங்கப்பூர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டியிருந்தது. அதற்கு மாற்று சிம் அட்டை வேண்டும். அதை வாங்க அங்கீகாரக் கடிதத்தோடு மதிய உணவு நேரத்தில் வரிசையில் நின்றது நான். கூரியரில் அனுப்பியதும் நான். ஒன்பது நாள் அவர்கள் அண்ணியின் அட்டையில் ஓட்டினார்கள். இரண்டு கைப்பேசி, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டும் ஒரே பையில் இருக்கக்கூடாது. கேட்கிறவர்களுக்கு நான் இலவசமாகத் தரும் ஆலோசனை இது ஒன்றுதான்.

ஜனவரி 13

போகி அன்று காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பெலும்பு முறிவு. என் வேலையில் இந்த வரியை எத்தனை கோப்புகளின் தலைப்பில் எழுதியிருப்பேன் என்று சொல்ல முடியாது. முதியவர்களின் வாழ்க்கையை முன்–பின் என்று வெட்டுவது பெரும்பாலும் இதுதான். இரண்டு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் நல்லது என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள் ஆம்புலன்ஸில் அம்மாவின் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் அப்போது அங்காராவிலிருந்து கார்ஸுக்குப் போகும் ரயிலில் இருந்தார். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், ஒரு நாளுக்கும் மேலான ஓட்டம், பனி மூடிய மலைகள். ரயில் பிரியர்கள் உயிரைக் கொடுக்கிற பாதையாம். அலைபேசித் தொடர்பு வந்து வந்து போகும். என் செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்து நின்றது. முடிவுகளை நானும் கணவரும் எடுத்தோம். மறுநாள், பொங்கல் அன்று, அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மா மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, “பால் பொங்கியதா?” பொங்க வைக்க வீட்டில் யாருமில்லை. பொங்கியது என்று சொன்னேன்.

அன்று மாலைதான் இரண்டாவது டிக் விழுந்தது. 17ஆம் தேதி அண்ணன் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார். அண்ணி வரவில்லை, பயணச்சீட்டு இரண்டு பேருக்கு வாங்கக் கட்டுப்படியாகாது என்று முடிவு செய்து இஸ்தான்புல்லில் தங்கிவிட்டார். இதை நான் அப்போது மனத்தில் வைத்துக்கொண்டேன். பின்னால் அண்ணியே சொன்னார்: யாருக்கும் சமைக்காமல், யாருடைய திட்டத்துக்கும் பின்னால் நடக்காமல் தனியாக இருந்த அந்த மூன்றரை வாரம்தான் அவருக்கு முழுப் பயணத்திலும் பிடித்த பகுதி. கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமை வந்தது.

அண்ணன் என் வீட்டுக் கூடத்தில், மகனின் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். ஈசூனில் சொந்த வீடு இருந்தது, அதன் மணியை அடிக்க அவருக்கு உரிமை இல்லை. 24 நாள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடந்தார். அம்மாவை நடைச்சட்டத்தில் நிற்க வைக்கப் பழகினார். மருத்துவச் செலவுக்குத் தம் மெடிசேவிலிருந்து எடுக்க ஒப்புதல் கொடுத்தார். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண் ஒருவருக்கு ஏற்பாடு செய்தார். முதியவர் இருக்கும் வீடு என்பதால் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60. சம்பளம் முழுவதும் அண்ணன் கணக்கு. ஒரு மகன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார் என்று கோப்பில் எழுதலாம்.

பிறகு, தைப்பூசத்துக்கு முதல் நாள், மறுபடியும் புறப்பட்டார்.

நான் பேசியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. கணவர் மகனை அழைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போகிற அளவுக்குப் பேசினேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. அம்மாதான் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார்: “அவனைப் போகவிடு. இங்கே இருந்தால் தினமும் என் எதிரில் உட்கார்ந்து நல்ல பிள்ளையாக நடிப்பான். எனக்கு அது இன்னும் கஷ்டம்.”

அம்மாவின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. மதித்தேன். ஆனால் அம்மா “போகவிடு” என்று சொன்னது இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறவளிடம். நான் இல்லாதிருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லும் வசதி அவருக்கு இருந்திருக்காது. அண்ணனின் பயணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: உதறிவிட்டுப் போனார் என்கிறார்கள், அவர் எதையும் உதறவில்லை. என்னிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போனார். உலகம் சுற்றும் ஒவ்வொருவருக்கும் பின்னால் இப்படி வாங்கி வைத்துக்கொண்டவர் ஒருவர் இருப்பார். அவரிடம் யாரும் துணிச்சலைப் பற்றிக் கேட்பதில்லை.

ஐரோப்பா

தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில், 180 நாளில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். அண்ணனின் பழைய நோட்டில் பல்கேரியாவும் ருமேனியாவும் இந்தக் கணக்குக்கு வெளியே இருந்தன. அங்கே ஒரு மாதம் தங்கி நாளை மிச்சம் பிடிப்பது திட்டம். அவை 2024 மார்ச் இறுதியிலேயே வான், கடல் எல்லைகளில் உள்ளே வந்து, 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லையிலும் சேர்ந்துவிட்டன. இஸ்தான்புல்லிலிருந்து சோபியா ரயிலில் ஏறும் முன்பு அண்ணிதான் கவனித்தார். திட்டத்தில் ஒரு மாதம் காணாமல் போனது. மே இறுதியில் லாகோஸ் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வந்த செய்தியில் கடல் படம் இல்லை, ஓர் எண் மட்டும்: 1,668. போர்ச்சுகல் தண்டவாளம் அவ்வளவு அகலம். பிறகு பிரிட்டனில் நண்பர் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு, ஜூன் 24 அன்று திரும்பினார்கள்.

கணக்கு

பதினொரு மாதத்துக்கு இருவருக்கும் 52,000 வெள்ளி. காப்பீடு 4,800. நடுவில் வந்துபோன விமானச் செலவு 1,900. வாடகையாக வந்தது ஏறக்குறைய 33,000. அதில் வரிகள் கழியும். இவையெல்லாம் அண்ணனின் விரிதாளில் இருப்பவை.

இல்லாதது ஒன்றை நான் சேர்த்தேன். மத்திய சேம நிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 55 வயதுவரை சம்பளத்தில் ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு. கணக்கிடப்படும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2024இல் 6,800 வெள்ளி, 2025இல் 7,400. அண்ணனின் சம்பளம் அந்த வரம்புக்கு மேல். ஆறு மாதத்துக்கு மாதம் 2,516, எட்டு மாதத்துக்கு மாதம் 2,738. வேலை இல்லாத 14 மாதத்தில் அவர் கணக்கில் சேராமல் போன தொகை 37,000 வெள்ளி. இருக்கும் பணத்துக்குச் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடும் சிறப்புக் கணக்கில் குறைந்தது 4 விழுக்காடும் வட்டி வந்துகொண்டுதான் இருந்தது. வராத பணத்துக்கு வட்டியும் இல்லை. அண்ணன் இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். “பரவாயில்லை” என்றார் பிறகு. அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

என் பக்கத்துக் கணக்கையும் வைத்திருக்கிறேன், தொழில் பழக்கம். பலதுறை மருந்தகத்துக்கும் மருத்துவமனைக்கும் 26 முறை. ஈசூன் வீட்டுக் குளிர்சாதனம் ஒழுகியதற்கு மூன்று முறை, சமையலறைக் குழாய்க்கு ஒருமுறை. நான் எடுத்த விடுப்பு 19 நாள். இவற்றை வெள்ளியாக மாற்றச் சொல்லி அண்ணன் கேட்டார். மாற்றவில்லை.

இன்றைய நிலை, செப்டம்பர் 2025

அண்ணி தம் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். அண்ணனுக்கு இந்த மாதம்தான் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு, தலைப்பும் ஒரு படி கீழே. நேர்முகத் தேர்வுகளில் எல்லோரும் பயணத்தைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார்களாம், பிறகு இளையவரை எடுத்துக்கொண்டார்களாம். இரண்டாண்டு ஒப்பந்தம் 2026 ஆகஸ்ட்வரை இருப்பதால் ஈசூன் வீட்டுக்குள் போக முடியாது. செம்பவாங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருவரும் இருக்கிறார்கள். ஐந்தறை வீட்டுக்காரர்கள் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நேரம் கேட்டுச் சமைக்கிறார்கள். அண்ணி இதை இஸ்தான்புல்லைவிட வினோதமான ஊர் என்கிறார்.

அம்மா என் வீட்டிலேயே இருக்கிறார். நடைச்சட்டத்தோடு மின்தூக்கிவரை போய்வருகிறார். வாரத்தில் மூன்று மாலை அண்ணன் வேலை முடிந்து நேராக வந்து, அவரைக் கீழே அழைத்துப் போகிறார். அளவுநாடா இப்போது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எப்படி அங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை. மகன் கூடத்து மேசையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் அண்ணன் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “அடுத்த ஆகஸ்டில் வீடு கைக்கு வந்துவிடும். அம்மா ஈசூனுக்கு வரட்டும். நீ எங்கேயாவது போய்விட்டு வா. மூன்று மாதம், ஆறு மாதம், எவ்வளவு வேண்டுமோ.”

மகனின் தேர்வு முடியட்டும் என்றேன். அவர் போனபின் அலமாரியில் தேடி என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 2021 மார்ச்சில் வாங்கியது. பழைய ஐந்தாண்டுக் கணக்கு. வரும் மார்ச்சில் முடிகிறது.